கதையும் போதனையும்

ஆங்கில நாவலாசிரியர் எச்.ஜி. வெல்ஸ் (1866–1946) விஞ்ஞானக் கற்பனைக் கதைகளின் முன்னோடிகளுள் ஒருவர். 1898-ல் நூலாக வெளிவந்த அவரது 'உலகங்களின் போர்' நாவலில் செவ்வாய்க் கோளினர் இங்கிலாந்தைச் சூறையாடுகின்றனர். டாஸ்மானியத் தீவின் பூர்வகுடிகளை ஐரோப்பியர் அழித்த கொடுமையை ஆசிரியர் தொடக்கத்திலேயே நினைவூட்டி விடுகிறார். பிரிட்டிஷ் ஏகாதிபத்தியம் உச்சியிலிருந்த நாளில் தம் இனத்தார்க்கே அவர் காட்டிய கண்ணாடி அது. அங்கே போதனை கதைக்குள் மறைந்து நின்றது.

பிற்காலத்திலோ உலக அரசு பற்றிய போதனை மேலோங்கிற்று, கதை மெலிந்தது. அந்நாவல்களை இன்று தேடிப் படிப்போர் சிலரே. கருத்து நல்லதே ஆயினும், கதையை விழுங்கிவிட்டால் நெஞ்சில் தங்குவதில்லை. முன்னோர் சரிதைகளில் இப்ரத்தாகிய படிப்பினையைத் தேடும் நாம், சன்மார்க்கக் கதை புனையுங்கால் இதனை மறவாதிருப்போமாக.