மாலினி பொன்சேகா: நட்சத்திரமும் நடிகையும்

சிங்களத் திரையுலகின் அரசி என மாலினி பொன்சேகாவைக் குறிப்பிடுவது வழக்காகிவிட்டது. 2025 மே மாதத்தில் அவர் மறைந்தபோதும் இப்பட்டமே எங்கும் ஒலித்தது. பட்டங்கள் ஒரு கலைஞரைப் போற்றுவனபோலத் தோன்றினும், அவரது கலையை ஆராயும் பொறுப்பிலிருந்து நம்மை விடுவித்துவிடுகின்றன. தமிழ் இரசிகரிற் பலர் அவரை 'பைலட் பிரேம்நாத்' (1978) படத்திற் சிவாஜி கணேசனுடன் நடித்தவராக மட்டுமே அறிவர். ஒரே தீவில் வாழ்ந்தும் மற்றைய மொழியின் கலையை எவ்வளவு குறைவாக அறிந்துள்ளோம் என்பதற்கு இது சான்றாகும்.

1963இல் 'நொரத்த ரத்த' நாடகத்தின் மூலம் மேடையேறிய மாலினி, 1968இல் 'புஞ்சி பபா' திரைப்படத்தில் அறிமுகமானார். மேடை உரத்த குரலையும் விரிந்த அசைவையும் வேண்டுவது. அங்கிருந்து வந்தவர் கமெராவின் முன் அவற்றைச் சுருக்கிக்கொள்ளக் கற்றமையே அவரது வளர்ச்சியின் திறவுகோல் எனலாம்.

லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'நிதானய' (1972) இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. புதையலுக்காகப் பலியிடும் நோக்கத்துடனேயே வில்லி, ஐரினை மணக்கிறான். அவள் அறியாத இவ்வுண்மையைப் பார்வையாளர் அறிவர். இந்நிலையில் இரக்கத்தை யாசிக்கும் நடிப்பு பாத்திரத்தைச் சிதைத்திருக்கும். மாலினியோ ஐரினின் நம்பிக்கையை மட்டுமே நடிக்கிறார், அச்சம் நமதாகின்றது. லெனாட் வூல்பின் நாவலைத் தழுவிய 'பெத்தேகம' (1980) படத்திற் புஞ்சி மெனிக்காவாக வரும்போதும் இதே அடக்கத்தைக் காண்கிறோம். அதிகாரமும் வறுமையும் தந்தையையும் கணவனையும் பறித்துக்கொள்ள, அவளது துயர் சொற்களை நாடுவதில்லை. தர்மசேன பத்திராஜவின் 'பம்பரு அவித்' (1978), மீனவக் கிராமமொன்றில் நகர மூலதனம் புகுவதால் எழும் முரண்பாட்டைச் சித்திரிப்பது. இங்கு அவரது ஹெலன், அம்முரண்பாட்டின் நடுவே நிற்கும் பெண்ணாகிறாள்.

அவரது படங்கள் யாவும் இத்தரத்தின என்று கூறுவதற்கில்லை. வணிகப் படங்கள் பலவற்றில் வழக்கமான காதலியாகவும் கண்ணீர் சிந்தும் மனைவியாகவுமே அவர் பயன்படுத்தப்பட்டார். அவற்றில் தோன்றுவது நட்சத்திரம், நடிகை அல்லள். இவ்வெல்லையை அவர் உணர்ந்திருந்தார் போலும். 'சசர சேதனா' (1984), 'அஹிம்சா' (1987), 'ஸ்திரீ' (1991) ஆகிய படங்களை நெறிப்படுத்தியதோடு, தொலைக்காட்சியில் நடிகையாகவும் நெறியாளராகவும் பணியாற்றினார்.

பிரசன்ன விதானகேயின் 'ஆகாச குசும்' (2008) படத்தில், புகழிழந்து வீட்டின் அறையொன்றை வாடகைக்கு விட்டு வாழும் முன்னாள் நட்சத்திரம் சந்தியா ராணியாக நடித்தார். தம்மை உருவாக்கிய திரையுலகு பெண்களை எவ்வாறு பயன்படுத்திப் பின் மறக்கின்றது என்பதைத் தம் முகத்தாலேயே காட்ட ஒப்புக்கொண்டமை துணிவான செயல். அப்படத்தைப் பார்த்தபின் 'அரசி' என்னும் பட்டத்தை முன்போல் எளிதாக உச்சரிக்க இயலாது.

இத்தகைய படங்கள் தமிழ்த் துணைத்தலைப்புகளுடன் நமது பல்கலைக்கழகங்களிலே திரையிடப்பட்டு விவாதிக்கப்படுதல் வேண்டும். அயலவரின் கலையை அறியாது அயலவரை அறிந்துகொள்வது அரிது.