எட்வர்ட்ஸ் ஐயரின் பட்டுப்புழு

சிருஷ்டிப்பொருள் ஒவ்வொன்றிலும் தேவன் ஒரு மறைபொருளை வைத்துள்ளார் என்பது ஜோனத்தான் எட்வர்ட்ஸின் துணிபு. அமெரிக்காவின் நார்த்தாம்ப்டன் சபையில் ஊழியஞ்செய்த அவர் 1728 முதல் இதுபற்றி எழுதிவந்த குறிப்பேடு, பெரி மில்லரின் முயற்சியால் 1948-இல் நூலாயிற்று.

முட்செடியில் மலரும் ரோஜாவில், சிலுவை வழியே வரும் மகிமையை அவர் காண்பது பொருத்தமே. பட்டுப்புழுவைப் பற்றிய குறிப்புதான் நம்மைத் தயங்கச் செய்கிறது. புழு மரித்து நமக்குச் சிறந்த ஆடையளிப்பதுபோல, கிறிஸ்துவும் தம் மரணத்தினால் விசுவாசிகளுக்கு நீதியின் வஸ்திரத்தை அளிக்கிறார் என்கிறார். உபதேசத்தில் பிழையில்லை, புழுவைத்தான் அவர் சரியாகப் பார்க்கவில்லை. அது கூட்டினுள் தானே மரிப்பதன்று. அந்துப்பூச்சியாகிக் கூட்டைத் துளைத்து வெளிவந்தால் இழை அறுபடுமென்று, அதற்குமுன்பே நாம் கூட்டை அவித்து அதைக் கொல்லுகிறோம். நம் ஆடைக்காக, நம் கையினாலேயே! கல்வாரியில் நமக்குள்ள பங்கை இதைவிடத் தெளிவாய்ச் சொல்லும் அடையாளம் ஏது? எட்வர்ட்ஸோ 'மரிக்கிறது' என்பதோடு நின்றுவிடுகிறார்.

வசனத்தை முதலிற் கண்டு, புழுவைப் பின்னரே கண்டார் போலும். பிரசங்க மேடையில் நம்மிற் பலரும் செய்வது இதுவே. ஆயினும் இளமையில், சிலந்திகள் இழைவிட்டுக் காற்றில் மிதந்துசெல்வதை வெகு நுட்பமாய் நோக்கி எழுதிவைத்தவரும் இதே எட்வர்ட்ஸ்தான்.