ராகிப்பொரி கிரனோலா

கிரனோலாவுக்கு ஓட்ஸ்தான் வேண்டும் என்பதில்லை. ஓசூரில் இருந்துகொண்டு அதை ராகிப்பொரியில் செய்து சாப்பிடுவது தனிச் சுகம். தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கத்துச் செம்மண்ணில் மானாவாரியாக விளையும் ராகி அது. கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் அதைப் பொரித்து அரைத்து ஹுரிஹிட்டு மாவாக்குவார்கள். அரைக்காமல் நிறுத்திக்கொண்டால் நமக்குப் பொரி கிடைக்கும்.

பொரியின் நயம் அடுப்பு மூட்டும் முன்பே, ஈரத்தில் தொடங்குகிறது. ராகியைக் கல் அரித்துக் கழுவி, நீரை வடித்து, துணியில் முடிந்து இரவு முழுக்க வைக்க வேண்டும். காலையில் நிழலில் உலர்த்தினால் மேல்தோல் காய்ந்து, உள்ளே மட்டும் ஈரம் நிற்கும். நன்றாகக் காய்ந்த இரும்பு வாணலியில் ஒரு கைப்பிடி போட்டு, சுருட்டிய துணியால் விடாமல் துழாவினால் அந்த ஈரம் ஆவியாகித் தோலை உடைத்து வெளியேறும். கடுகளவுச் சிவப்பு மணி வெள்ளையாக மலரும். படபடப்பு தணிந்ததும் இறக்கிவிட வேண்டும். அப்போது எழும் மணம் களியிலும் வராது, கூழிலும் வராது.

இரவின் ஈரத்துக்கும் கிரனோலாவுக்கும் பழைய உறவு உண்டு. 1863இல் அமெரிக்காவின் டான்ஸ்வில்லில் மருத்துவர் ஜேம்ஸ் கேலப் ஜாக்சன் முழுக்கோதுமை மாவைச் சுட்டு உடைத்து, கிரனோலாவின் முன்னோடியான காலை உணவைச் செய்தார். அதை இரவே பாலில் ஊறவைத்தால்தான் மெல்ல முடியும். அங்கே இரவின் ஈரம் மெல்லுவதற்கு. இங்கே அது பொரிவதற்கு.

கூடச் சேர்பவை ஒவ்வொன்றும் தனக்கென ஒரு சூட்டைக் கேட்கும். வேர்க்கடலைக்கு இளந்தீ, தேய்த்தால் தோல் உதிர வேண்டும். கெட்டி அவல் விரலிடையில் நொறுங்கினால் பதம். கொப்பரைச் சீவலின் ஓரம் பொன்னிறமானால் போதும். எள் வெடிக்கத் தொடங்கியதுமே இறக்க வேண்டும்; கொஞ்சம் தாமதித்தாலும் கசந்துவிடும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி வறுத்தால் எள் கருகியிருக்கும், கடலை பச்சையாக இருக்கும்.

பாகில்தான் கைப்பக்குவம் தெரியும். இரண்டு கோப்பைப் பொரி, ஒரு கோப்பை அவலுக்குக் கால் கோப்பை வெல்லம் போதும். வெல்லமும் சர்க்கரைதான் என்பதை நாக்கு மறக்கச் சொல்லும். கை மறக்கக் கூடாது. கரைத்து வடிகட்டி இளங்கம்பிப் பதத்தில் அடுப்பை அணைத்து, ஒரு கரண்டி நெய், ஏலக்காய், சிட்டிகை உப்பு சேர்க்க வேண்டும். கடலையும் அவலும் முதலில், பொரி கடைசியில். புரட்டித் தட்டில் பரப்பியபின் ஆறும்வரை தொடவே கூடாது. அந்தப் பொறுமைக்குத்தான் சின்னச் சின்னக் கட்டிகள் கிடைக்கின்றன.

உண்பதிலும் ஒரு வரிசை இருக்கிறது. குளிர்ந்த பாலில் போட்டால் முதல் கரண்டியில் பொரி மொறுமொறுக்கும்; அடுத்து கடலை பல்லில் படும்; அதற்குள் பொரி இளகி, பாலில் வெல்லம் இறங்கி, கடைசிக் கரண்டி இனிப்புக் கூழாகிவிடும். கடைசிவரை மொறுமொறுப்பு வேண்டுவோர் கெட்டித் தயிரின்மேல் தூவிக்கொள்ளலாம்.

100 கிராம் ராகியில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அரிசியில் இருப்பது அதில் ஒரு சிறு பங்குதான். தமிழ்நாட்டில் ராகி மிகுதியாக விளையும் மாவட்டங்களில் ஒன்று கிருஷ்ணகிரி. ஓசூர்க்காரர்களே, அடுத்த முறை கிரனோலா செய்யத் தோன்றினால் தேன்கனிக்கோட்டைப் பக்கத்து ராகி ஒரு படி வாங்கி, இரவே நனைத்து வையுங்கள்.