விழுந்தால் எழுந்து நிற்குமா? ராஸ்பெரி பை 4 பற்றி ஒரு மதிப்பீடு

கைப்பேசியோ தொலைக்காட்சிப் பெட்டியோ தன் அடிப்படை நிரலைப் புதுப்பித்துக்கொள்ளும்போது திரையில் ஓர் எச்சரிக்கை தோன்றுவதைப் பார்த்திருப்பீர்கள். வேலை முடியும்வரை மின்சாரத்தை நிறுத்தக் கூடாது என்கிறது அது. நிறுத்தினால் என்ன நேரும் என்று மட்டும் சொல்வதில்லை. மின்சாரத்தை நிறுத்துவதும் நிறுத்தாததும் எப்போதும் நம் கையிலா இருக்கிறது? மின்வெட்டு நம்மைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. ஆகவே ஒரு கணிப்பொறியை மதிப்பிடும்போது அதன் வேகத்தையும் விலையையும் மட்டும் பார்த்தால் போதாது. புதுப்பித்தல் பாதியில் நின்றுபோனால் உரியவரே அதை மீட்க முடியுமா என்றும் பார்க்க வேண்டும். மாணவர்களிடையே நன்கு அறிமுகமான ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணிப்பொறியை இந்த ஒரு கோணத்தில் இங்கே ஆராய்வோம்.

முதலில், புதுப்பித்தல் தவறினால் ஏன் கணிப்பொறியே செயலற்றுப் போகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மின்சாரம் பாய்ந்தவுடன் கணிப்பொறிக்குத் தன்னைப் பற்றி எதுவுமே தெரியாது. நினைவகம் எங்கே, வட்டு எங்கே, திரை எங்கே என்று ஒவ்வொன்றாக எழுப்பிக் கொடுக்க ஒரு சிறு நிரல் வேண்டும். இதைத் தொடக்க நிரல் என்போம். சில்லில் பதிந்து கிடக்கும் இத்தகைய நிரல்களுக்கு ஃபர்ம்வேர் என்று பொதுப்பெயர். மின்னழிப்பு நினைவகத்தில் இது இருக்குமானால் மாற்றி எழுதலாம். ஆனால் அந்த நினைவகத்தில் பழைய எழுத்தின்மேல் புதியதை அப்படியே எழுத முடியாது. ஒரு கட்டத்தை முழுவதும் அழித்துவிட்டே எழுத வேண்டும். அழித்தாயிற்று, எழுதி முடிக்கவில்லை, மின்சாரம் போயிற்று என்றால் எஞ்சுவது பழைய நிரலும் அல்ல, புதிய நிரலும் அல்ல. அடுத்த முறை கணிப்பொறியை எழுப்ப ஆள் இல்லை. திருத்தி எழுதலாம் என்றாலோ, எழுதுவதற்கே கணிப்பொறி எழுந்தாக வேண்டும். நுனிக்கிளையில் உட்கார்ந்துகொண்டு அடிமரத்தை வெட்டியவன் நிலைதான்.

இது வெறும் கற்பனை அச்சம் அன்று. 1998இல் பரவத் தொடங்கிய சி.ஐ.எச். என்ற கணிப்பொறி வைரஸ், 1999 ஏப்ரல் 26 அன்று பல நாடுகளில் செயல்பட்டது. வட்டிலிருந்த தகவல்களை அழித்ததோடு நில்லாமல், சில வகைத் தாய்ப்பலகைகளில் தொடக்க நிரல் இருந்த சில்லிலும் குப்பையை எழுதிவிட்டது. அந்தப் பலகைகளில் எந்த உறுப்பும் எரியவில்லை, உடையவில்லை. ஆயினும் சில்லைக் கழற்றி வேறொரு கருவியில் வைத்து மறுபடி எழுதினாலன்றி அவை எழவில்லை. பலகையோடு சேர்த்து ஒட்டப்பட்ட சில்லாக இருந்தால் உரியவரின் பாடு இன்னும் திண்டாட்டம். இரண்டு சில்லுகளை வைத்து, ஒன்று கெட்டால் மற்றது கைகொடுக்கும்படி செய்யும் முறையைக் கிகாபைட் போன்ற நிறுவனங்கள் கையாண்டன.

இனி நம் சிறு கணிப்பொறிக்கு வருவோம். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் உருவான ராஸ்பெரி பை, 2012 பிப்ரவரி 29 அன்று விற்பனைக்கு வந்தது. கணிப்பொறியைக் குடைந்து பார்க்க மாணவர்கள் அஞ்சக் கூடாது என்பதே அதன் நோக்கம். அந்த நோக்கத்துக்கு அதன் அமைப்பும் ஒத்திருந்தது. மாற்றி எழுதக்கூடிய தொடக்க நிரல் பலகையில் இல்லவே இல்லை. மையச் சில்லுக்குள் தயாரிப்பின்போதே செதுக்கப்பட்ட, யாராலும் அழிக்க முடியாத ஒரு சிறு நிரல் மட்டும் இருந்தது. அது நேரே மெமரி கார்டைத் தேடிப் போய் மற்ற நிரல்களை எடுத்துக்கொள்ளும். எவ்வளவு தவறு செய்தாலும் கார்டுதான் கெடும். கார்டை மீண்டும் எழுதினால் கணிப்பொறி புதிதாகப் பிறந்தது போல் எழுந்துவிடும். மாணவனுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு வேறில்லை என்று தாராளமாகச் சொல்லலாம்.

2019 ஜூன் மாதம் வெளிவந்த ராஸ்பெரி பை 4 இந்த ஏற்பாட்டை மாற்றியது. தொடக்க நிரல் கார்டைவிட்டுப் பலகைக்கு வந்தது. 512 கிலோபைட் கொள்ளளவுள்ள ஒரு தனிச் சில்லில் குடியேறியது. இதைக் குறை சொல்வதற்கு முன் காரணத்தையும் கேட்க வேண்டும். புதிய மாதிரியில் யு.எஸ்.பி. இணைப்புகள் வேறொரு சில்லின் வழியாகச் செல்கின்றன. எழுப்பும் வேலை சிக்கலாகிவிட்டது. சிக்கலான நிரலை அழியாத இடத்தில் செதுக்கிவிட்டால் அதிலுள்ள பிழையும் அழியாது. மாற்றி எழுத முடிந்ததால் கிடைத்த பயன் கண்கூடானது: 2019இல் விற்ற பலகைகளால் யு.எஸ்.பி. வட்டிலிருந்து துவங்க முடியவில்லை. 2020இல் வந்த புதுப்பித்தலுக்குப் பின் அதே பலகைகளால் முடிந்தது. ஒரு காசு கூடுதலாகக் கொடுக்காமல் கிடைத்த வசதி இது.

அப்படியானால் பழைய பாதுகாப்பு போய்விட்டதா? இல்லை. வடிவமைத்தவர்கள் இங்கேதான் பாராட்டுக்கு உரியவர்கள். அழியாத சிறு நிரல் மையச் சில்லுக்குள் இன்னமும் இருக்கிறது. மின்சாரம் வந்ததும் அது செய்யும் முதல் காரியங்களுள் ஒன்று, மெமரி கார்டில் 'ரெக்கவரி' என்ற பெயருள்ள கோப்பு உண்டா என்று பார்ப்பது. இருந்தால், பலகையிலுள்ள தொடக்க நிரலை நாடாமலே அந்தக் கோப்பை இயக்கும். அது தொடக்க நிரலைப் புதிதாக எழுதிவிடும். கார்டின் வழியாக நடக்கும் வழக்கமான புதுப்பித்தலும் இதே பாதையில்தான் போகிறது. வேலை வெற்றியாக முடிந்த பிறகே அந்தக் கோப்பின் பெயர் மாற்றப்படுகிறது. நடுவில் மின்சாரம் போனால் கோப்பு பழைய பெயரிலேயே இருக்கும். மின்சாரம் திரும்பியதும் வேலை முதலிலிருந்து நடக்கும். எச்சரிக்கை வாசகத்தை நம்பாமல் மின்வெட்டை எதிர்பார்த்தே செய்த அமைப்பு இது. யு.எஸ்.பி. வட்டிலிருந்தோ வலையமைப்பிலிருந்தோ துவங்கும் பலகைகளில் மட்டும் தொடக்க நிரல் தன்னைத்தானே மாற்றி எழுதிக்கொள்கிறது. அங்கே மின்சாரம் போனால் மீட்புக் கார்டைத் தேட வேண்டியதுதான்.

இவ்வளவு நல்ல ஏற்பாட்டில் குறை எங்கே என்று கேட்பீர்கள். முதற்குறை, அதன் மௌனம். தொடக்க நிரல் கெட்டுப்போன பலகையில் சிவப்பு விளக்கு எரியும், திரை இருண்டிருக்கும், வேறு அறிகுறி இல்லை. உண்மையிலேயே பழுதான பலகையும் பல சமயம் இப்படித்தான் இருக்கும். மெமரி கார்டை எடுத்துவிட்டு மின்சாரம் கொடுத்துப் பச்சை விளக்கைக் கவனியுங்கள். ஓர் ஒழுங்கில் திரும்பத் திரும்பச் சிமிட்டினால் தொடக்க நிரல் நலமாக உள்ளது. சிமிட்டவில்லையானால் அது கெட்டிருக்கலாம். இந்தச் சோதனை நிறுவனத்தின் குறிப்புகளில் உண்டு, பலகையிலோ பெட்டியிலோ இல்லை. எனவே பத்து வினாடியில் பிழைக்கக்கூடிய பலகை குப்பைக்கூடைக்குப் போகும் அபாயம் இருக்கிறது.

இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. மீட்புக் கார்டை எழுத இன்னொரு கணிப்பொறி வேண்டும். ஆனால் 2020 நவம்பரில் இதே நிறுவனம் வெளியிட்ட ராஸ்பெரி பை 400, விசைப்பலகைக்குள்ளேயே கணிப்பொறியை அடக்கி, வீட்டுக்கு ஏற்ற முழுக் கணிப்பொறியாக விற்கப்பட்டது. இதை வாங்கும் மாணவனுக்கு அது ஒன்றே கணிப்பொறியாக இருக்கலாம் அல்லவா? அவன் எதைக் கொண்டு கார்டை எழுதுவான்? 2022இல் வந்த ஒரு வசதி, வேறு கணிப்பொறி இல்லாமலே வலையமைப்பின் வழியாக இயக்கத் தொகுதியை வரவழைத்து நிறுவுகிறது. நல்ல வசதிதான். ஆனால் அந்த வசதி குடியிருப்பதே தொடக்க நிரலுக்குள்! பூட்டிய பெட்டிக்குள்ளே சாவி. எழுதி முடித்த மீட்புக் கார்டு ஒன்றைப் பெட்டியிலேயே வைத்து விற்றிருந்தால் இந்தக் குறையே எழுந்திராது.

தொழிற்கருவிகளில் பொருத்துவதற்கான கம்ப்யூட் மாட்யூல் 4 இன்னும் கடுமையானது. அதன் அழியாத நிரல் கார்டில் ரெக்கவரி கோப்பைத் தேடுவதே இல்லை. இணைப்புத் துண்டு ஒன்றைப் பொருத்தி, யு.எஸ்.பி. கம்பியால் வேறொரு கணிப்பொறியோடு இணைத்தே மீட்க வேண்டும். விற்ற கருவிகளில் தொடக்க நிரல் தயாரிப்பாளர் அறியாமல் மாறக் கூடாது என்று பார்த்தால் இதில் நியாயம் உண்டு. ஆனால் விலை ஒத்துவருகிறது என்று இதை வாங்கிப் பழகும் மாணவர் முன்னதாகவே தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது.

உங்களிடம் ராஸ்பெரி பை 4 இருந்தால் இன்றே ஒரு பழைய மெமரி கார்டை இதற்கென ஒதுக்குங்கள். நிறுவனம் இலவசமாகத் தரும் இமேஜர் என்ற நிரலில், துணைக் கருவிகள் பகுதியில், பூட்லோடர் என்று ஒரு பிரிவு உண்டு. உங்கள் மாதிரியையும் கார்டிலிருந்து துவங்கும் வகையையும் தேர்ந்தெடுத்து எழுதிக்கொள்ளலாம். கார்டில் உள்ளவை எல்லாம் அழிந்துவிடும் என்பதால் தேவையானவற்றை முன்பே வேறிடத்தில் வைத்துக்கொள்ளவும். கார்டின் மேல் பெயர் எழுதி ஒட்டிவைப்பது நல்லது. கார்டுகள் எல்லாம் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். தேவைப்படும் நாளில் மின்சாரத்தைத் துண்டித்து, இந்தக் கார்டைச் செருகி, மீண்டும் மின்சாரம் கொடுத்துப் பத்து வினாடிக்குக் குறையாமல் காத்திருங்கள். வேலை முடிந்தால் பச்சை விளக்கு விடாமல் வேகமாகச் சிமிட்டும். திரை இணைத்திருந்தால் அது முழுவதும் பச்சையாகும். சிவப்பானால் வேலை தவறிவிட்டது என்று பொருள். தொடக்க நிரலில் நீங்கள் முன்பு செய்திருந்த மாற்றங்கள் மறைந்து, ஆரம்ப அமைப்பு திரும்பியிருக்கும். விளக்கு எவ்வளவு நேரமானாலும் சிமிட்டுவதை நிறுத்தாது. இன்னும் கோளாறு தீரவில்லை என்று அதைப் பார்த்து எண்ணிவிட வேண்டாம். மின்சாரத்தை நிறுத்தி, மீட்புக் கார்டை உருவிவிட்டு, வழக்கமான கார்டைச் செருகுங்கள்.