நாற்காலியோடு முடியும் கதைகள்

ஏ.எல். விஜய்யின் ‘தலைவி’ (2021) 1989 மார்ச் 25 அன்று சட்டமன்றத்தில் நடந்த அமளியில் தொடங்குகிறது. அவமானப்பட்ட எதிர்க்கட்சித் தலைவி ஜெயலலிதா சபதம் செய்துவிட்டு வெளியேறுகிறார். பின்னோக்கிப் போய்த் திரும்பும் கதை, 1991-இல் அவர் முதல்வரானதும் முடிந்துவிடுகிறது. பாஞ்சாலி கூந்தலை முடிந்தாகிவிட்டது, இனி என்ன இருக்கிறது என்பதுபோல.

ஜெயலலிதாவைப் பற்றி இன்றும் டீக்கடையில் குரல் உயர்வது அதற்குப் பிறகு நடந்தவற்றுக்காகத்தான். 1995-இல் வளர்ப்பு மகன் திருமணம், 1996-இல் முதல்வராக இருந்துகொண்டே பர்கூரில் தோற்றது, சொத்துக் குவிப்பு வழக்கு, 2014-இல் பெங்களூரு தனி நீதிமன்றத் தீர்ப்பு, எதுவும் படத்தில் இல்லை. கறையை மறைத்ததாக இயக்குநரைக் குறை சொல்லலாம். ஆனால் அந்த வெட்டில் பெருமையும் சேர்ந்தே போயிற்று. அனைத்து மகளிர் காவல் நிலையம், தொட்டில் குழந்தைத் திட்டம், 69 சதவீத இட ஒதுக்கீட்டை அரசியல் சாசனத்தின் ஒன்பதாவது அட்டவணையில் ஏற்றியது எல்லாம் அந்த முதல் ஆட்சியில் நடந்தவை. ஆண்ட ஜெயலலிதாவே படத்தில் இல்லை. இருப்பவர் அடிபட்டு மேலே வந்த ஒரு நடிகை.

ஜெயலலிதாவின் சாயலில் வந்த ‘குயின்’ (2019) வலைத்தொடர் வேறு வழியில் போகிறது. ரம்யா கிருஷ்ணனின் சக்தி சேஷாத்ரி ஒரு நேர்காணலில் அமர்ந்து தன் கதையைத் தானே சொல்கிறாள். பள்ளிப் பருவமும் படப்பிடிப்புத் தளமும் உயிரோட்டமாக வந்திருக்கின்றன. ஆனால் சொல்பவளே நாயகி என்பதால் குறுக்கு விசாரணைக்கு இடமில்லை.

ஞான ராஜசேகரனின் ‘பெரியார்’ (2007) தமிழக அரசின் நிதியுதவியோடு வந்தது. அப்போது ஆட்சியில் இருந்தது திமுக. 1949-இல் மணியம்மையை மணந்ததை ஏற்காமல் பெரியாரை விட்டுப் பிரிந்தவர்கள் தொடங்கிய கட்சி அது. இப்படிப்பட்ட பணத்தில் அந்தத் திருமணத்தைப் படமாக்குவது கத்திமேல் நடக்கிற வேலை. படம் யாருக்கும் நோகாமல் நடந்துவிடுகிறது. சத்யராஜின் உடல்மொழி நினைவில் நிற்கிறது, வாதம் நிற்கவில்லை.

மணிரத்னத்தின் ‘இருவர்’ (1997) மட்டும் இன்னும் சலிக்கவில்லை. இது உண்மைக் கதை அல்ல என்று அறிவித்துவிட்டே அது தொடங்குகிறது. மோகன்லாலின் ஆனந்தன் யார், பிரகாஷ்ராஜின் தமிழ்ச்செல்வன் யார் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. சந்தோஷ் சிவனின் கேமரா கூட்டத்தைப் பார்ப்பதோடு நிற்காமல், கூட்டத்தைப் பார்க்கிறவனின் முகத்தையும் பார்க்கிறது. தனக்காக ஆர்ப்பரிக்கும் கடலைக் கண்டு மோகன்லாலின் முகம் மலர்கிறது. பக்கத்தில் நிற்கும் பிரகாஷ்ராஜின் முகத்தில் ஏதோ ஒன்று கணக்குப் போடத் தொடங்குகிறது. பதவிக்கு வந்த பிறகும் படம் நிற்பதில்லை. நேற்று மேடையில் ஊழலைச் சாடியவன் இன்று அதே கேள்விக்கு முன் நிற்பதையும் காட்டுகிறது. வசூலில் தோற்றது, அது வேறு கதை.

மற்றவர்கள் ஏன் இவ்வளவு தூரம் போவதில்லை? சட்டத்துக்குப் பயந்து என்று சொல்வது எளிது. ஆனால் பொது ஆவணங்களில் உள்ள வாழ்க்கையை எழுத யாருடைய அனுமதியும் தேவையில்லை என்று 1994-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதுவும் நக்கீரன் இதழ் தொடுத்த ஆட்டோ சங்கர் வழக்கில். ‘தலைவி’க்குத் தடை கேட்டு ஜெயலலிதாவின் அண்ணன் மகள் உயர் நீதிமன்றம் போனபோதும் தடை கிடைக்கவில்லை.

பயம் தொண்டர்களைப் பற்றியது. ‘தலைவி’ வெளியானதும் அதிமுக முன்னாள் அமைச்சர் ஜெயக்குமார் படத்தைப் பாராட்டினார், சில காட்சிகளை நீக்கவும் சொன்னார். அவருக்கு உறுத்தியவற்றில் ஒன்று, எம்.ஜி.ஆர். அமைச்சர் பதவி கேட்பதாக வருவது. தலைவர் எந்தப் பதவியும் கேட்டதே இல்லை என்பது அவர் வாதம். ‘இருவர்’ படத்தில் எம்.ஜி.ஆர். சாயலுள்ள ஆனந்தனும் அமைச்சர் பதவி கேட்கிறான், தமிழ்ச்செல்வன் மறுக்கிறான். பிளவு விழுகிற இடங்களில் அதுவும் ஒன்று. ‘தலைவி’யோ எம்.ஜி.ஆரை எம்.ஜே.ஆர். ஆக்கியதோடு சரி, ஓர் எழுத்து மாறியதை எந்தத் தொண்டரும் மாற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை.