விருந்தாளியிடம் எதையும் கேட்காத கோயில்

ஜப்பானின் கோயாசான் மலையில் கோயிலில் தங்கித் திரும்புகிறவர்கள் சொல்லும் குறைகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். சாயங்காலம் ஐந்து மணிக்குள் வந்துசேர வேண்டும். ஐந்தரைக்கோ ஆறுக்கோ இராச்சாப்பாடு தொடங்கிவிடும். பல இடங்களில் அறைக்குப் பூட்டு கிடையாது, காகிதம் ஒட்டிய தள்ளுகதவுதான். பக்கத்து அறையில் ஒருவர் இருமினால் நமக்குக் கேட்கும். குளியலறை பொது. குளிர்காலத்தில் அறையைத் தாண்டிக் காலடி வைத்தால் உடம்பு வெடவெடக்கும். எல்லாம் உண்மைதான். ஆனால் இவற்றில் ஒன்றைக்கூட நான் குறையாகக் கொள்ளமாட்டேன். கோயில் தன் பொழுதுப்படி நடக்கிறது, வந்தவர் அதற்கு இணங்கிப் போகிறார். அந்த இணக்கத்துக்காகத்தானே ஓட்டலை விட்டுவிட்டு அங்கே போகிறோம்? இந்த வழக்கத்தின் மெய்யான குறை வேறு. வந்தவரிடம் கோயில் இதற்குமேல் எதையும் கேட்பதில்லை.

காசு வாங்குவதும் குறையன்று. 816இல் சாகா பேரரசர் இந்த மலையைத் துறவி கூகாய்க்கு வழங்கினார். அவர் நிறுவிய ஷிங்கோன் பௌத்தத்தின் தலைமைப் பீடம் இது. ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்தில் இன்று 117 கோயில்கள் இருக்கின்றன. அவற்றில் ஏறக்குறைய ஐம்பது கோயில்கள் தங்க இடம் தருகின்றன. ‘ஷுகுபோ’ என்று இதற்குப் பெயர். பழநியில் இன்ன ஊராருக்கு இன்ன மடம் என்று இருப்பதுபோல, அந்தக் காலத்தில் இங்கேயும் இன்ன சிற்றரசின் மக்கள் இன்ன கோயிலில் தங்குவது என்ற ஏற்பாடு இருந்தது. 1868இல் மெய்ஜி ஆட்சி வந்தபின் புரவலர்கள் போனார்கள். கோயில் நிலங்களை அரசு எடுத்துக்கொண்டது. விருந்தாளி தரும் பணத்தில்தான் பல கோயில்களின் கூரை இன்றும் நிற்கிறது. 2004இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் கிடைத்தபின் வெளிநாட்டார் வரத்து கூடியது. ‘வியாபாரமாகிவிட்டது’ என்று முகம் சுளிப்பவர்கள் இந்த வரலாற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். பழைய நாளெல்லாம் பொற்காலமும் அல்ல. 1872இல் அரசு தடையை நீக்கியபின்னும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை பெண்கள் இந்தக் கோயில்களுக்குள் வரவே முடியாது. நுழைவாயில்களில் பெண்களுக்கென இருந்த மண்டபங்களோடு நின்று, மலைவிளிம்பைச் சுற்றி நடந்து வணங்கிவிட்டுப் போனார்கள். அந்த மண்டபங்களில் ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. கட்டணம் செலுத்தும் எவரும் தங்கலாம் என்ற இன்றைய நிலை அதைவிட எவ்வளவோ மேல்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. இறைச்சி, மீன் மட்டுமல்ல, வெங்காயமும் பூண்டும் கூடக் கிடையாது. குழம்புக்குச் சாரம் கடற்பாசியிலிருந்தும் உலர்ந்த காளானிலிருந்தும் வருகிறது. எள்ளை விழுதாக அரைத்து, ஒருவகைக் கிழங்குமாவோடு கிளறி உறையவைத்த கட்டி ஒன்று சின்னக் கிண்ணத்தில் வந்தது. குச்சியால் தொட்டால் அதிர்ந்தது. நாக்கில் வைத்ததும் எள்ளின் கசப்பு முதலில், பிறகு மெல்ல ஓர் இனிப்பு. இந்த மலையின் கடுங்குளிரில் உறையவைத்து உலர்த்தும் பழக்கத்தில் பிறந்த கோயா தோஃபு, பஞ்சுபோலச் சாற்றைக் குடித்துவைத்திருந்தது. தடையிலிருந்து இவ்வளவு நயமான சமையல் பிறக்கும் என்பதை ஒரே தட்டில் கண்டேன்.

ஆனால் அந்தத் தட்டைத் தூக்கிவந்தவர் மொட்டையடித்த இளந்துறவி. நாங்கள் சாப்பிடும் நேரத்தில் தத்தாமி பாயின்மேல் மெத்தை விரித்தவரும் அவரே. தட்டை எடுத்துப்போனவரும் அவரே. பயிற்சியில் இருக்கும் துறவிக்கு அது நல்ல பணியாக இருக்கலாம். எங்களுக்கோ குடிக்க பீர் வேண்டுமா என்ற கேள்விதான் வந்தது. ஒரு கிண்ணத்தைக் கழுவு, இந்தத் தாழ்வாரத்தைத் துடை என்று யாரும் சொல்லவில்லை.

காலை வழிபாட்டில் இந்தக் குறை இன்னும் பெரிதாகத் தெரிந்தது. ஆறரை மணிக்கு இருட்டான மண்டபத்தில் அக்கினிச் சடங்கு. குரு முத்திரை காட்டி, மந்திரம் சொல்லி, எண்ணெயும் தானியமும் சமித்தும் இட இட, தீ ஆள் உயரத்துக்கு எழும்புகிறது. முரசு நெஞ்சில் அதிர்கிறது. நம் ஊர் ஹோமம் பார்த்தவர்களுக்கு அது அந்நியமாகத் தோன்றாது. ஷிங்கோன் குருமரபின் எண்மரில் ஒருவர் வஜ்ரபோதி. அவர் 719 வாக்கில் கடல்வழியாகச் சீனம் போனார். அதற்கு முன்னர் காஞ்சியில் பல்லவ மன்னனின் வேண்டுகோளை ஏற்று அவர் மழைக்காக வழிபட்டார் என்று சீன நூல்கள் பதிவுசெய்திருக்கின்றன. எண்மரின் உருவப்படங்களையும் ஷிங்கோன் கோயில்களில் மாட்டிவைப்பது வழக்கம். தமிழ்நாட்டிலிருந்து போன ஒருவர் வஜ்ரபோதியின் படத்தின் கீழேயே உட்கார்ந்து எழுந்துவரலாம், ஒன்றும் தெரியாமல். படத்தில் இருப்பது யார், தீயில் இடுவது என்ன, எதற்காக என்று ஒரு வார்த்தை சொல்ல அங்கே ஆள் இல்லை. சாம்பிராணிப் பொடியை மூன்று முறை கிள்ளி இடச் சொன்னார்கள், இட்டோம். கால் மரத்துப்போய் எழுந்தோம். சடங்குக்கு விளக்கம் தேவையில்லை, உணர்ந்தால் போதும் என்பார்கள். அந்த மரபில் பிறந்தவருக்கு அது பொருந்தும். மற்றவருக்கு அது வெறும் காட்சியாக முடிந்துவிடுகிறது.

விளக்கினால் புனிதம் குறையும் என்ற அச்சமும் தேவையற்றது. முந்தைய இரவு ஒகுனோஇன் இடுகாட்டுக்கு ஒரு துறவி எங்களை அழைத்துப்போனார். தேவதாரு மரங்களுக்கிடையே இரண்டு கிலோமீட்டர் பாதை. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள். 835இலிருந்து கூகாய் இன்னும் தியானத்தில் இருப்பதாக நம்பி நாள்தோறும் இருவேளை உணவு எடுத்துப்போகும் கருவறை. ஒரு கல்லறையின் முன் விளக்கைத் தாழ்த்தி, அடுக்கியிருந்த ஐந்து கற்களையும் ஒவ்வொன்றாகக் காட்டினார்: நிலம், நீர், தீ, காற்று, வெளி. அவற்றில் பொறித்திருந்தவை இந்தியாவிலிருந்து போன ‘சித்தம்’ எழுத்துகள். அந்தச் சில நிமிடப் பேச்சுக்குப் பிறகு அந்தக் காடே வேறாகத் தெரிந்தது. அதே கனிவு காலை வழிபாட்டுக்கு ஏன் வாய்க்கவில்லை?

தென்கொரியா இதை வேறுவிதமாகச் செய்கிறது. 2002 உலகக்கோப்பைக் கால்பந்தின்போது தொடங்கிய ‘டெம்பிள்ஸ்டே’ திட்டத்தில், தங்குபவருக்குச் சீருடை தருகிறார்கள், விடியுமுன் எழுப்புகிறார்கள், பல கோயில்களில் 108 முறை விழுந்து வணங்கச் சொல்கிறார்கள். முறைப்படி உண்ணும்போது கிண்ணத்தை ஒரு முள்ளங்கித் துண்டால் துடைத்து, அந்தத் தண்ணீரையும் குடித்துவிட வேண்டும். உடம்பு நோகும், ஆனால் கோயிலில் இருந்தோம் என்பதில் ஐயம் இராது. அதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. எல்லாவற்றையும் கால அட்டவணையில் அடைத்துவிட்டால் வணக்கமும் உடற்பயிற்சிபோல ஆகிவிடும். சும்மா உட்கார்ந்து மலையைப் பார்க்கும் பொழுது கோயாசானில்தான் கிடைக்கும். இருந்தும், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் கொரியாவின் பக்கமே சாய்வேன். கோயாசானிலும் தியானமும் சூத்திரம் படியெடுப்பதும் பல கோயில்களில் உண்டு. விரும்பினால் சேரலாம் என்ற அளவில் ஒதுங்கி நிற்கின்றன. அவற்றைத் தங்கலின் நடுவே கொண்டுவருவதற்குப் புதிதாக எதுவும் கட்ட வேண்டியதில்லை.

கட்டணத்தில் எனக்கு ஒரே ஒரு வருத்தம். இரண்டு வேளைச் சாப்பாட்டோடு ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்குப் பத்தாயிரம் யென்னுக்குக் குறைவாகக் கிடைப்பது அரிது. இருபதாயிரத்தைத் தாண்டுவது சாதாரணம். தனியாள் என்றால் கூடுதலாகக் கேட்கும் இடங்களும் உண்டு. என்னைப் போன்ற பயணிக்கு அது சரி. ஆனால் ஷிகோகு தீவின் 88 கோயில்களைச் சுற்றி ஆயிரம் கிலோமீட்டருக்குமேல் நடந்தவர்கள், கடைசியில் கூகாய்க்கு நன்றி சொல்ல இந்த மலைக்குத்தான் வருகிறார்கள். ஷிகோகுவில் சில கோயில்கள் நடைப்பயணிக்கு இலவசமாகப் படுக்க இடம் தருகின்றன. வழியில் ஊர்க்காரர்கள் பழமும் தேநீரும் கொடுத்து அனுப்புகிறார்கள். அப்படி வந்தவர், கூகாயின் சொந்த மலையில் சுற்றுலாப் பயணியின் கட்டணத்துக்கு அறை தேட நேர்கிறது. ஐம்பது கோயில்களும் தலா ஓர் எளிய அறையை, சாப்பாட்டுத் தட்டுகூட வேண்டாம், 88 முத்திரைகளும் விழுந்த ஏட்டைக் காட்டுகிறவருக்கென்று ஒதுக்கிவைக்கலாம். வாடகைக்குப் பதிலாக மறுநாள் காலை முற்றம் பெருக்கச் சொன்னால் அவர் மறுக்கமாட்டார்.