விளக்கக் குறிப்பு எதுவரை தாங்கும்?

ஆந்த்ரோபிக் நிறுவனம் தன் கிளாட் ஏஐ மாடலுக்கு இணையத் தேடல் கருவியைக் கொடுத்தபோது ஒரு கோளாறு கண்ணில் பட்டது. தேடல் சொற்களோடு '2025' என்ற ஆண்டையும் தேவையில்லாமல் ஒட்டிவிட்டுத் தேடியது மாடல். முடிவுகளின் தரம் கெட்டது. கருவியைப் பற்றிய விளக்கக் குறிப்பைச் செம்மைப்படுத்தித்தான் நிறுவனம் அதை வழிக்குக் கொண்டுவந்தது.

நான்கு வரிக் குறிப்புக்கு இவ்வளவு பலம் வந்தது அண்மையில்தான். 2023 ஜூனில் ஓப்பன்ஏஐ தன் மாடல்கள் வெளி நிரல்களை அழைக்க வழிசெய்தது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்' அதற்கொரு பொது நெறிமுறையைத் தந்தது. கருவியின் பெயர், அது என்ன செய்யும் என்ற விளக்கம், என்ன உள்ளீடு வேண்டும் என்ற வரையறை: கருவிகளைத் தானே அழைத்து வேலையை முடிக்கும் ஏஐ ஏஜென்ட்டின் கண்ணுக்குப் பெரும்பாலும் தெரிவது இவ்வளவுதான். உள்ளே ஓடும் நிரலை அது பார்ப்பதில்லை.

இதனால் விளைந்த முதல் நன்மை, எழுத்தில் வந்திருக்கும் கறார்த்தன்மை. உள்ளீட்டுக்கு 'யூசர்' என்று மொட்டையாகப் பெயர் வைத்தால், கேட்பது பெயரா, எண்ணா, மின்னஞ்சலா? 'யூசர் ஐடி' என்றால் சந்தேகம் தீர்ந்தது. மனித நிரலாளர் புரியாத இடத்தில் பக்கத்து மேசையில் கேட்டுக்கொள்வார். ஏஜென்ட்டோ பல நேரங்களில் ஊகித்துக்கொண்டு ஓட்டிவிடும். ஆகவே எந்தத் தேதி வடிவம், எத்தனை முடிவுகள் வரும், பிழை நேர்ந்தால் அடுத்து என்ன செய்யலாம் என்பதையெல்லாம் வெளிப்படையாக எழுத வேண்டியிருக்கிறது. மூத்தவர்களின் தலைக்குள் மட்டுமே இருந்த தகவல் இப்படி ஏட்டுக்கு வருகிறது; நேற்று வேலைக்குச் சேர்ந்தவருக்கும் அது உதவுகிறது. ஆவணம் எழுதுவதைக் கடைசி நாள் வேலையாகத் தள்ளிவைத்த துறைக்கு இது பெரிய மாற்றம்.

ஆனால், எழுதியே எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம் என்று நம்புவதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

ஆந்த்ரோபிக் பொறியாளர்களின் இன்னொரு அனுபவம் இதைக் காட்டுகிறது. நிரல் திருத்தும் ஏஜென்ட் ஒன்று, மூலக் கோப்புறையை விட்டு நகர்ந்ததும் கோப்புகளின் சார்புப் பாதைகளை, அதாவது நிற்கும் கோப்புறையிலிருந்து தொடங்கும் முகவரிகளை, தவறாகக் கொடுத்தது. 'கவனமாகக் கொடு' என்று குறிப்பில் சேர்த்திருக்கலாம். அவர்கள் கருவியையே மாற்றி, முழுப் பாதையைக் கொடுத்தால்தான் ஏற்கும்படி செய்தார்கள். அந்தத் தவறு நின்றுபோனது. தரவை அழிக்கும் கருவிக்கும் இதே நியாயம் பொருந்தும். 'அனுமதியின்றி அழிக்காதே' என்ற வரி வேண்டுகோள் மட்டுமே. அனுமதி இல்லாமல் இயங்க மறுக்கும் நிரல்தான் பூட்டு.

நீளமும் ஒரு சுமை. இணைத்த கருவிகளின் விளக்கங்களையெல்லாம் முன்கூட்டியே ஏற்றினால், மாடல் ஒரே நேரத்தில் கவனிக்கக்கூடிய உரையின் அளவில் அவையே பெரும்பங்கை விழுங்கிவிடும். ஒன்றுபோல ஒலிக்கும் இரண்டு கருவிகள் இருந்தால் எதை எடுப்பது என்ற குழப்பம் வேறு. 2025 அக்டோபரில் ஆந்த்ரோபிக் அறிமுகப்படுத்திய 'ஸ்கில்ஸ்' முறை, முதலில் பெயரையும் சுருக்கத்தையும் மட்டும் காட்டி, தேவைப்படும்போது முழுக் குறிப்பையும் திறப்பது இதற்காகத்தான்.

எல்லாவற்றிலும் கவலைக்குரியது பாதுகாப்பு. 2025 ஏப்ரலில் இன்வேரியன்ட் லேப்ஸ் என்ற ஆய்வு நிறுவனம், இரண்டு எண்களைக் கூட்டும் எளிய கருவி ஒன்றைச் செய்து காட்டியது. அதன் விளக்கத்துக்குள், பயனரின் ரகசியச் சாவிக் கோப்பைப் படித்துச் சேர்த்து அனுப்பும்படி ஒரு கட்டளை ஒளிந்திருந்தது. திரையில் பயனர் காண்பது சுருக்கம். ஏஜென்ட் படிப்பதோ முழு உரை. குறிப்பை நம்பிச் செயல்படுவதுதான் ஏஜென்ட்டின் பலம். தாக்குபவருக்கும் அதுவே வாசல். நம்பகமான இடத்திலிருந்து வராத கருவிக் குறிப்புகளை நம்ப வேண்டாமென்று மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகாலே எச்சரிக்கிறது.

ஆக, விளக்கக் குறிப்பையும் நிரலைப் போலவே நடத்த வேண்டும். இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். உண்மையான வேலைகளைக் கொடுத்து, ஏஜென்ட் எங்கே தடுமாறுகிறது என்று சோதிக்க வேண்டும். கருவி மாறும்போது குறிப்பும் அதே நாளில் மாற வேண்டும். பழைய குறிப்பைப் படித்த மனிதருக்குச் சந்தேகம் வரக்கூடும். ஏஜென்ட் அதை அப்படியே எடுத்துக்கொண்டு தவறான அழைப்பை அனுப்பும்.

குறிப்பில் குறைகளையும் சொல்வது புதிதல்ல. 1971 நவம்பரில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் வெளியிட்ட யூனிக்ஸ் இயங்குதளக் கையேட்டில், கட்டளைகளின் பக்கங்களில் 'பிழைகள்' என்றொரு தலைப்பு இருந்தது. கருவி எங்கே சறுக்கும் என்பதை, அதைச் செய்தவர்களே அங்கு எழுதிவைத்தார்கள். மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகாலில் பெயருக்கு ஓர் இடம் உண்டு, உள்ளீட்டுக்கு ஓர் இடம் உண்டு. தெரிந்த குறைகளைச் சொல்லத் தனி இடம் இல்லை. விளக்கத்துக்குள்ளேயே அதற்கு இரண்டு வரி ஒதுக்கும் பொறுப்பு, இப்போதைக்கு எழுதுபவரிடமே இருக்கிறது.